பட்டியலில் இல்லாத தொழில்

புதுச்சேரி நகரத்தில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் சிலர் சேர்ந்து சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் பயிலரங்கு நடத்தினார்கள். ‘நம் சைக்கிளை நாமே பழுதுபார்ப்போம்’ என்பது தலைப்பு. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து நானும் போயிருந்தேன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது, செயினைக் கழற்றிக் கழுவி எண்ணெய் விடுவது ஆகிய மூன்றையும் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். கையில் கிரீஸ் அப்பியதைப் பலரும் செல்பி எடுத்துக்கொண்டார்கள். அதில் தவறொன்றும் இல்லை. கடைசியாகப் பேசிய தோழர், சின்னப் பழுதுக்கெல்லாம் கடைக்காரரிடம் போய் நிற்பது நம்மை அடிமையாக்குகிறது, தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்தான் சுதந்திரமான மனிதர் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலோடுதான் எனக்குச் சிக்கல்.

முதலில் வேலையைப் பற்றிப் பேசிவிடலாம். பஞ்சர் ஒட்டுவது யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. டயரை ஒரு பக்கம் மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுத்து, டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் பகுதி பகுதியாக முக்க வேண்டும். குமிழி வரும் இடத்தைக் குறித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது விரலில் ஒட்டாத அளவுக்கு உலரும்வரை பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஒட்டிய பிறகு டயரின் உட்புறம் முழுக்க விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவேல முள் அங்கேயே இருந்தால் மறுநாள் அதே இடத்தில் ஓட்டை விழும். காற்று சும்மா சும்மா இறங்கினால் டியூபில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை, வால்டியூபை மாற்றினாலே போதும். இவ்வளவும் வீட்டு வாசலில் முடிகிற வேலை.

சக்கரத்தில் கோட்டம் எடுப்பது அப்படியல்ல. எந்த ஸ்போக்ஸ் கம்பியை எத்தனை திருகு இறுக்க வேண்டும், எதிர்ப்பக்கக் கம்பியை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பது பல நூறு சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்த கண்ணுக்குத்தான் தெரியும். அச்சுக்குள் இருக்கும் பால்ரஸ் தேய்ந்திருப்பதை மிதிக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். முழு ஓவராயில் செய்யவும் பிரீவீல் கழற்றவும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகளை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைப்பது வீண் செலவு. ஆகவே பாதி வேலைக்கு வீடு, மீதிக்குக் கடை. கேள்வி இவ்வளவுதான் என்றால் இந்தத் தளத்தில் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

‘தன் வேலையைத் தானே செய்துகொள்’ என்ற வாசகம் நம் ஊரில் எல்லோரிடமும் ஒரே பொருளில் சொல்லப்பட்டதில்லை. தேநீர்க் கடையில் தலித்துகள் தாங்கள் குடித்த குவளையைத் தாங்களே கழுவி வைக்க வேண்டும் என்பது இரட்டைக் குவளை முறையின் விதிகளில் ஒன்று. முடிதிருத்தும் கடையில் மறுக்கப்பட்டவர்கள் சேரிக்குள் ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் முகம் தெரியாத டவுனுக்குப் பேருந்து ஏறினார்கள். அந்தத் தற்சார்புக்கு யாரும் கைதட்டவில்லை. அது மறுப்பின் மறுபெயர். (இரட்டைக் குவளை இன்று கண்ணுக்குத் தெரியாமல் போனதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, காகிதக் கப்பின் பங்கு எவ்வளவு என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வகைத் தற்சார்பு இருக்கிறது. தன் கழிப்பறையைத் தானே சுத்தம் செய்யும்படி காந்தி தன் ஆசிரமத்தாரிடம் சொன்னார். துப்புரவுப் பணியைப் புனிதமான சேவை என்று புகழ்ந்தும் எழுதினார். அந்தப் புகழ்ச்சி, அதே வேலையில் பிறப்பால் அடைக்கப்பட்டவரை வெளியே விடாமல் வைத்திருக்கும் தந்திரம் என்று அம்பேத்கர் 1945-இல் வெளிவந்த தன் நூலில் கடுமையாகச் சாடினார். விரும்பிக் கையை அழுக்காக்கிக்கொள்பவர் மாலையில் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கை அழுக்காக இருப்பதாலேயே வீட்டுக்குள் விடப்படாதவர் எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை செல்பியைப் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நண்பர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிரீஸ் படிந்த கை சிலருக்குப் பெருமையாகவும் சிலருக்கு அடையாளமாகவும் இருக்கும் நாட்டில் ‘நாமே செய்வோம்’ என்பதில் உள்ள ‘நாம்’ யார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

சைக்கிளுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. கிராமங்களில் தீண்டாமை குறித்து 11 மாநிலங்களில் 565 ஊர்களில் ஆய்வு செய்து 2006-இல் வெளியான நூல், பொதுச்சாலையில் தலித்துகள் சைக்கிள் ஓட்டத் தடை இருப்பதையும் தீண்டாமை வடிவங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் நிறைவேற்றப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதையும் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியது. செருப்பும் புத்தாடையும் அதே வரியில் வருகின்றன. 2016-இல் ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் சைக்கிளை இப்படிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் எத்தனை பேர் எத்தனை தெருக்களில் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்துக் காலனியில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய இளமையில் சைக்கிள் கடை ஊர்த்தெருவில் இருந்தது. “வண்டிய உருட்டிக்கிட்டுத்தாம்மா அந்தத் தெருவுல போவணும். பஞ்சராயி உருட்டுனா அதுல அசிங்கமில்ல. காத்து நல்லா இருக்கும்போதே எறங்கி உருட்டுனோம் பாரு, அதுதான்” என்றார். கடைக்காரர் பஞ்சர் ஒட்ட மாட்டேன் என்று சொன்னதில்லையாம். வரிசையில் கடைசியாக எடுப்பார், அவ்வளவுதான். அதனால் பெரியவரும் அவருடைய கூட்டாளிகளும் பம்ப் ஒன்றைக் காசு போட்டு வாங்கிக் காலனியில் வைத்துக்கொண்டார்கள். சொலூஷனும் டவுனிலிருந்து வந்தது. தாங்களே ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். பயிலரங்குத் தோழர் சொன்ன சுதந்திரத்துக்குக் கிட்டத்தட்ட இதுதான் நல்ல உதாரணம். ஆனால் அவர்கள் விட்டு விடுதலையானது கடையிடமிருந்து அல்ல, அந்தத் தெருவிடமிருந்து.

என் பெரியப்பா மில் தொழிலாளி. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில்லுக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்தவர். விடியற்காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது வழியில் எந்தக் கடையும் திறந்திருக்காது. கேட் சாத்திவிட்டால் அன்றைய கூலி போயிற்று. கேரியருக்குக் கீழே ஒரு தகர டப்பா கட்டியிருப்பார். உள்ளே உப்புத்தாள், பழைய டியூபிலிருந்து வட்டமாக வெட்டி வைத்த துண்டுகள், சொலூஷன், இரண்டு ஸ்பேனர். மில் 2020-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது. அவரிடம் தற்சார்பு என்று யாராவது சொல்லியிருந்தால், கம்பெனி பஸ் விட்டால் நான் ஏனப்பா இதைக் கட்டிக்கொண்டு அலைகிறேன் என்று கேட்டிருப்பார்.

ஆகவே, தானே பழுதுபார்ப்பது நல்லதா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. யாருக்கு அது விருப்பம், யாருக்கு வேறு வழியில்லாத நிலை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடையையும் அதே போலப் பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கடையைப் பற்றிச் சொல்லத்தான் அதிகம் இருக்கிறது.

2023 செப்டம்பர் 17 அன்று பிரதமர் விஸ்வகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. 18 தொழில்கள் அதில் அடங்கும். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, செருப்புத் தைப்பவர், கொத்தனார், முடிதிருத்துபவர், சலவை செய்பவர், தையல்காரர், பூ கட்டுபவர், மீன்வலை பின்னுபவர் என்று பட்டியல் நீளும். கருவிகள் வாங்க 15,000 ரூபாய், பிறகு 5 சதவீத வட்டியில் கடன். குடும்ப வழியாக மரபாகச் செய்துவரும் தொழில் என்பது அதன் அடித்தளம். இது குலக்கல்வியின் மறுவரவு என்று எதிர்ப்பு எழுந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கச் சொல்லிக் கேட்ட தமிழ்நாடு அரசு, அது நடக்காதபோது 2024-இல் திட்டத்தை ஏற்க மறுத்தது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை எதிர்த்துப் பெரியார் நடத்திய போராட்டத்தின் நினைவு அங்கே உயிரோடு இருக்கிறது. அன்று புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அந்தத் திட்டமும் இங்கே வரவில்லை, அந்தப் போராட்டமும் இந்த மண்ணில் நடக்கவில்லை. இங்கே விஸ்வகர்மா திட்டத்துக்கு எதிராகப் பெரிய சத்தம் கேட்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

அந்த 18-ஐ வரிசையாகப் படித்துப் பாருங்கள். செருப்பு தைப்பவர் இருக்கிறார். பூட்டு செய்பவர் இருக்கிறார். சைக்கிள் மெக்கானிக் இல்லை. நாடு முழுக்க மூலைக்கு மூலை இருக்கும் கைத்தொழில், கருவியும் சின்ன முதலும்தான் அதன் தேவை, ஆனாலும் அது பட்டியலில் இடம்பெறவில்லை. ஏனென்றால் சைக்கிள் இந்த நாட்டுக்கு வந்து நூறு, நூற்றைம்பது ஆண்டுகள்தான் ஆகின்றன. அதைப் பழுதுபார்ப்பதற்கென்று ஒரு சாதியை எந்தச் சாஸ்திரமும் ஒதுக்கி வைக்கவில்லை. பரம்பரை இல்லாததால் பட்டியலிலும் இல்லை. மற்றவர்கள் இதைக் குறையாகப் பார்க்கலாம். நான் இதைத்தான் அந்தத் தொழிலின் மதிப்பாகப் பார்க்கிறேன். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்கி வைக்கிறது என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் வாதிட்டார். விருப்பமும் திறமையும் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் சாதி விடுவதில்லை என்பது அந்த வாதத்தின் முக்கியமான பகுதி. அப்படித் தேர்ந்தெடுக்க முடிந்த மிகச் சில கிராமத்துத் தொழில்களில் ஒன்று, ரோட்டோரம் ஒரு பம்பும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்து நடத்தும் சைக்கிள் கடை.

வில்லியனூர்க் கொம்யூனில் நான் வழக்கமாகப் போகும் கடை ஒரு பூவரச மரத்தடியில் இருக்கிறது. அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காலனிக்காரர். அப்பா வயல் வேலை செய்தவர். இவர் பன்னிரண்டு வயதில் ஒரு முஸ்லிம் பாயின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, காற்றடிக்க ஆரம்பித்து, பஞ்சர், பிரேக், ஓவராயில் என்று படிப்படியாகக் கற்றவர். பாய் வயதாகி விலகியபோது தன் ஸ்பேனர் செட்டை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். மகனுக்கு அப்பாவிடமிருந்து வரவில்லை, ஒரு மனிதரிடமிருந்து வேறு சமூகத்து இன்னொரு மனிதருக்கு வந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் அந்த நேரத்தில் பள்ளியில் இருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாடகை சைக்கிள், குரங்குப் பெடல் என்று அந்தக் காலத்தை நினைத்து உருகி எழுதுபவர்கள், கடையில் காற்றடித்துக் கொடுத்த பையனின் படிப்பு என்ன ஆனது என்று எழுதுவதில்லை.

ஒருமுறை அண்ணனிடம் கேட்டேன். பக்கத்தில் டீக்கடைக்கு நல்ல இடம் இருக்கிறதே, அண்ணிக்கு ஒரு இட்லிக் கடை போட்டுக் கொடுக்கலாமே என்று. சிரித்தார். “எங் கையில பஞ்சர் ஒட்டிக்குவாங்க. எங்க கையால இட்லி திம்பாங்களா? நீ படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாதா?” என்றார். இதற்கு மேல் ஆய்வு தேவையில்லை. டியூபைத் தொட்டால் தீட்டு ஒட்டாது, இட்லியைத் தொட்டால் ஒட்டும். உணவகத்தில் நுழைய முடியாதவருக்குச் சைக்கிள் கடையில் இடம் கிடைத்ததற்கு, அது சாதியற்ற நவீனத் தொழில் என்பது பாதிக் காரணம். ஆதிக்கச் சாதியினர் தொடத் தயங்கும் அழுக்கு வேலை என்பது மீதிப் பாதி.

அழைக்கும் முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். காலனிப் பிள்ளைகள் அவரை ‘அண்ணே’ என்பார்கள், ‘மாஸ்டர்’ என்பார்கள். ஊர்த்தெருவிலிருந்து வரும் பத்தாவது படிக்கும் பையன் வண்டியை ஸ்டாண்ட் போடும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவனுடைய அப்பா ‘என்னடா, முடிஞ்சுதா’ என்கிறார். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, மெயின்ரோட்டில் கண்ணாடி போட்ட கடை வைத்திருக்கும் வேறு சாதிக்காரர் செய்வதும் இதே வேலைதான், அவர் எல்லோருக்கும் ‘அண்ணாச்சி’. ஸ்பேனர் ஒன்று, சொலூஷன் ஒன்று, வாயில் வரும் சொல் மட்டும் வேறு. தொழிலுக்குச் சாதி இல்லை என்று நான் சொன்னதை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். தொழிலுக்குச் சாதியை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒட்டி வைக்கும் முயற்சி ஓயவில்லை.

முயற்சி உச்சியிலிருந்தும் நடக்கிறது. 2025 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். அன்று ஹரியானாவின் ஹிசாரில் பேசிய பிரதமர் மோடி, வக்ஃபு சொத்துகள் ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் முஸ்லிம் இளைஞர்கள் சைக்கிள் பஞ்சர் ஒட்டிக் காலம் தள்ள வேண்டியிருந்திருக்காது என்றார். அனுதாபம் போல வந்த அந்தச் சொல், வடநாட்டுச் சமூக ஊடகங்களில் பல ஆண்டுகளாக ஓடும் ‘பஞ்சர்வாலா’ என்ற வசையின் நல்ல சட்டை போட்ட வடிவம். பரம்பரைத் தொழிலைச் செய்பவருக்குக் கருவிப் பெட்டியும் மேடையும் கொடுக்கும் அரசு, பரம்பரையில்லாத தொழிலைச் செய்பவரைப் பரிதாபத்துக்குரிய உதாரணமாகக் காட்டுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள், உழைப்பைப் பற்றி இந்த அரசு என்ன நினைக்கிறது என்பது விளங்கும்.

இத்தனைக்கும் நடுவே கடை என்னவோ குறைந்துகொண்டே வருகிறது. வயலுக்குப் போகிறவர்கள் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-க்கு மாறிவிட்டார்கள். பூவரச மரத்தடியில் இப்போது பெரும்பாலும் நிற்பவை பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்கள், அவற்றிலும் பாதி இலவச சைக்கிள்கள். மொத்தமாகப் பூட்டி வருகிற வண்டிகள் ஆனதால், கைக்கு வந்த வாரமே நட்டு போல்ட்டை இறுக்கிக்கொள்ள இங்கேதான் வருகின்றன. வார இறுதியில் ஊசுட்டேரிக்கும் பாகூர் ஏரிக்கும் சைக்கிளில் வரும் நகரத்து நண்பர்கள் இந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களுடைய வண்டிக்கு இவரிடம் உதிரிபாகம் இருக்காது என்பது உண்மைதான். அவர்கள் சொந்தமாகப் பஞ்சர் ஒட்டிக்கொள்வதால் இவருடைய பிழைப்பு போய்விடப் போவதும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பஞ்சருக்கு 30 ரூபாய், 40 ரூபாய். அதைக் கொடுப்பது அடிமைத்தனம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கைத்திறனுக்குக் கூலி கொடுப்பது இந்தச் சமூகத்துக்கு இன்னும் பழகாத பழக்கம். களத்துமேட்டில் நெல்லை அளந்துபோட்டுக் கணக்கை முடித்துக்கொண்டவர்களின் நாட்டில், வேலை முடிந்ததும் விலையைக் கேட்டுக் காசை எண்ணிக் கையில் கொடுப்பது சின்ன விஷயமல்ல.

எந்தத் தயக்கமும் இல்லாமல் ‘நீயே கற்றுக்கொள்’ என்று நான் சொல்வது பெண் பிள்ளைகளிடம்தான். சைக்கிள் கடை என்பது ஆண்கள் கூடும் இடம். ஒன்பதாவது படிக்கும் பெண், வண்டி பஞ்சரானால் கடையில் நிற்கக் கூச்சப்பட்டு மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறாள். பிறகு அண்ணனோ தம்பியோ கடைக்கு எடுத்துப் போக வேண்டும். அவன் எடுத்துப் போகும்வரை வண்டி திண்ணையில் சாய்ந்து கிடக்கும். நாலு நாள் வண்டி கிடந்தால், ‘எதுக்கு சைக்கிளு, ஆட்டோவுல போ’ என்பார்கள். ஆட்டோவுக்குக் காசில்லாத மாதத்தில் ‘இன்னிக்கு லீவு போட்டுடு’ என்பார்கள். காலனிப் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. வண்டி ஊர்த்தெருவில் நின்றுவிட்டால், அந்தத் தெருவில் அவள் நிற்க வேண்டிய நேரமும் நீளும். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பத் தெரிந்தவளுக்கு அந்த நேரம் குறையும். இந்தக் கணக்கில்தான் எனக்குப் பழுதுபார்க்கும் அறிவு முக்கியமாகப் படுகிறது.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததை இளைய வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள், முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்க அது வசதி என்றும் கண்டுகொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியதன் மூலம் அது உலகுக்குத் தெரிந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த இயக்கத்தின் அடுத்த பாடம் ஸ்பேனராக இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காக 2001-02-இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் 2005-06-இல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. புதுச்சேரியும் மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுத்தது. எங்கள் ஊரில் வந்து இறங்கிய வண்டிகளோடு ஒரு பம்பும் வரவில்லை, பஞ்சர் ஒட்டும் பொட்டலமும் வரவில்லை.

இங்கே நான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் புத்தகப் பை இல்லாமல் 10 நாட்கள் உள்ளூர்த் தொழில் வல்லுநர்களிடம் பயில வேண்டும் என்கிறது. தச்சர், தோட்டக்காரர், குயவர், ஓவியர் என்று உதாரணமும் கொடுக்கிறது. நம் தோழர்கள் இதையும் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியிருக்க, அந்தப் பத்து நாளில் இரண்டை எடுத்து, பக்கத்துச் சைக்கிள் கடை மெக்கானிக்கை வகுப்புக்குக் கூப்பிடுங்கள் என்று ஏன் கேட்கிறேன்?

குலக்கல்வி பிள்ளையைப் பள்ளியிலிருந்து பாதி நாள் வெளியேற்றி அப்பனின் தொழிலுக்கு அனுப்பியது. குயவர் பிள்ளைக்குக் களிமண், வண்ணார் பிள்ளைக்கு அழுக்குத் துணி. நான் கேட்பதில் பள்ளி நேரம் குறையாது, யாரும் யாருடைய அப்பன் தொழிலுக்கும் போக மாட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தொழிலின் அறிவு எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரு நிபந்தனை இல்லாமல் இதை நான் ஏற்க மாட்டேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு, நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோட்டிக்ஸ் வகுப்பு நடத்தினால் அது பழைய கதைதான். டவுனில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் அதே இரண்டு நாள் கிரீஸில் கை வைக்க வேண்டும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ போகும் மெக்கானிக்காகத்தான் இருக்க வேண்டும். அவரை அந்தப் பிள்ளைகள் ‘சார்’ என்று கூப்பிடட்டும். பள்ளிப் பதிவேட்டில் வருகைதரு ஆசிரியர் என்று பெயர் எழுதி, மற்ற வருகைதரு ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியத்தைக் கொடுக்க வேண்டும். சால்வை வேண்டாம், மதிப்பூதியம் போதும்.

பூவரச மரத்தடி அண்ணனிடம் இதைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, பொம்பளப் புள்ளைங்களுக்குத் தனியா ஒரு நாள் வைக்கணும், பசங்க கூட இருந்தா அதுங்க ஸ்பேனரப் புடிக்க விடமாட்டானுங்க என்றார். அது என் யோசனையில் இல்லாத விஷயம், சேர்த்துக்கொண்டேன். வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நாலு பழைய டியூப், ரெண்டு பம்ப், உப்புத்தாள், ஒரு பெரிய தொட்டித் தண்ணீர். குமிழி பார்க்கும்போது எல்லாப் பிள்ளையும் அந்தத் தண்ணீருக்குள் கை விட வேண்டும், தள்ளி நின்று பார்த்தால் கற்றுக்கொள்ள முடியாது என்பதை இரண்டு முறை சொன்னார்.

இதைக் கொம்யூன் பஞ்சாயத்திடம் கேட்கலாம் என்றால், 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. கேட்பதற்கு அங்கே அதிகாரிதான் இருக்கிறார், நம் ஓட்டில் வந்தவர் யாரும் இல்லை. எனவே மனு பள்ளிக் கல்வித் துறைக்குத்தான் போக வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன். பயிலரங்கு நடத்திய நண்பர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.